வாளியில் இரண்டு வருடம்

சீரகம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.
பொட்டலத்தில் க்யூமல் என்று போட்டிருந்தது.
சீரகத்துக்கு இங்கே க்ரொய்ட்ஸ்க்யூமல் என்று
இன்னும் நீளமாய் ஒரு பெயர் இருப்பது
யாருக்குத் தெரியும்.
காஸெல் நகரத்தில் முதல் வாரம், முதல் ரசம்.
ஒரு வாய் குடித்த நப்பின்னை
கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.
"புளி சரி. மிளகு சரி.
யாரோ இதில் குளித்திருக்கிறார்கள்."

மீதியைக் குப்பையில் போட மனசில்லை,
எண்பத்தொன்பது சென்ட்.
பெயின்டர் விட்டுப்போன வாளி,
அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை,
கடை மண், அதன்மேல் ஒரு பிடி நீ.
ஆடிப்பட்டம் இல்லை, ஏப்ரல்.
தேடியும் விதைக்கவில்லை,
கோபத்தில் விதைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
பிறகு பச்சை நூல் பிசிறுகள்.
பிறகு கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை போல
தரையோடு தரையாய் ஒரு தழை.
நாலை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிப்
பருப்பில் போட்டேன். பரவாயில்லை.
ஜூன் போனது, ஆகஸ்ட் போனது,
பூக்கவில்லை நீ.
கீழ்வீட்டு டோம்ரோஸ மட்டும்
தண்ணீர் சொட்டுகிறதென்று கதவில் சீட்டு ஒட்டினார்,
தேதி, மணி, சொட்டுகளின் எண்ணிக்கையோடு.

அப்புறம்தான் படித்தேன்,
உனக்கு இரண்டு வருடம் வேண்டுமாம்.
முதல் வருடம் முழுக்கக் கீழே வேலை.
ஒரு குளிர்காலம் உன்மேல் ஏறி இறங்கினால்தான்
மேலே பார்ப்பாயாம்.
என் விசாவும் இரண்டு வருடம்.
இதில் உவமை தேடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் இலை கறுத்துக் கூழானது.
வாளிக்குச் சாக்கு சுற்றினேன்.
"செத்ததுக்குச் சால்வையா?" என்றாள் நப்பின்னை.
ஜனவரியில் வீட்டுக்காரியின் கடிதம்:
மகன் வருகிறான், மார்ச் கடைசிக்குள் காலி செய்யவும்.

உன் ஆணிவேர் இடம் மாறினால் முறியுமாம்.
பெயர்க்கவில்லை, வாளியோடு கிளம்பினோம்.
டிராமில் அவள் மடியில் குக்கர்,
என் மடியில் நீ.
டிக்கெட் பார்க்க வந்தவன் எட்டிப் பார்த்தான்.
மண். நடுவில் நகக்கண் அளவு பச்சை.
"க்யூமல்," என்றேன்.
"ஆ, முட்டைக்கோஸுக்கு!" என்றான்.
டிக்கெட்டைக் கேட்கவில்லை.

மே மாதம் இடுப்பு உயரம்.
வெள்ளையாய்ச் சின்னச் சின்னக் குடைகள்.
கறுப்பு வரியும் ஆரஞ்சுப் புள்ளியுமாய் ஒரு புழு வந்து
ஒரு செடியை மொட்டை அடித்தது.
நசுக்கப் போன கை
எதற்கோ நின்றது.

ஜூலையில் விதை பழுப்பேறியதும்
காம்போடு வெட்டிக் காகிதப்பைக்குள்
தலைகீழாய்த் தொங்கவிட்டேன்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவள்
பாதித் தூக்கத்தில் கேட்டாள்:
"மழையா?"
நீதான்.
ஒவ்வொன்றாய் உதிர்ந்துகொண்டிருந்தாய்.

மொத்தம் இரண்டு தேக்கரண்டி.
ரசத்தில் போடவில்லை.
ஒரு சிட்டிகையை உறையில் இட்டு
டோம்ரோஸவுக்குத் தபாலில் அனுப்பினேன்,
தேதி, மணி,
விதைகளின் எண்ணிக்கையோடு.