ரூபாய்க்குப் பதிமூணு

சனிக்கிழமை சம்பளம். பனியன் பஞ்சு இன்னும்
புருவத்தில் ஒட்டியிருக்க
அவினாசி ரோட்டில் புதிதாய்த் திறந்த மெஸ்ஸில்
நாலு பேர் உட்கார்ந்தோம்.
ஃபேனுக்கு நேர் கீழே இடம் கிடைத்ததே பெரிசு.

மெனு அட்டையில் விலைக்கு இடப்பக்கம்
இன்னொரு எண், சின்னதாய், பச்சையில்.
"இதென்னுங்க, பழைய விலையா?" என்றான் நாச்சிமுத்து.
"கலோரிங்" என்றார் சப்ளையர்.
அதற்குமேல் அவருக்கும் தெரியாது.
"எண்ணு கொறஞ்சா காசு கொறையுமாங்?"
"அதெல்லாம் கொறையாதுங்."

துளசிமணிக்குத் தெரியும்.
கல்யாணத்துக்கு நாற்பது நாள்.
பள்ளிபாளையம் சிக்கன் என்ற வரியில்
கட்டைவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டு
பெயரை மட்டும் இரண்டு முறை வாசித்தாள்.
பிறகு விரலை எடுத்தாள்.
நானூற்றிருபது.
"ரெண்டு இட்லி" என்றாள், யாரையோ திட்டுவதுபோல.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம்.
அட்டை அந்த அம்மாவின் கையில்.
"இது வேண்டாங், இதும் வேண்டாங்" என்று
கணவருக்கு எண்களைப் படித்தவள்
தனக்குப் படிக்காமலே கொத்துப் பரோட்டா சொன்னாள்.
அவர் கலக்கி ஒன்றுக்கு மனுப்போட்டு
நூற்றிப்பத்தில் சமாதானமானார்.

நான் செக்கிங்கில் இருப்பவள்.
மார்பளவு ஒரு சென்டிமீட்டர் கூடினால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற கை இது.
கேட்கத் தோன்றியது:
அந்தக் கலக்கியை யார் அளந்தது, எந்த மாஸ்டர் ஊற்றியது,
எத்தனை கரண்டி எண்ணெயில்?
கல்லருகே நின்றவர் எண்ணெய்த் தூக்கை அப்படியே சாய்த்ததை
இங்கிருந்தே பார்த்தேன்.
கேட்கவில்லை. பசி.

தபன் மட்டும் அட்டையை விடவில்லை.
பண்டல் தூக்குகிறவன். கட்டக்குக்கு அனுப்புவதை
சாயங்காலமே அனுப்பிவிட்டான்.
மேல்பாக்கெட்டில் மிச்சம் நூறு.
தமிழ் எழுத்து வராது, எண் வரும்.
அவன் விரல் வைத்த வரியை நான் வாசித்தேன்.
பச்சையை விலையால் வகுத்தான்
பேனா இல்லாமல், உதடு அசைய.
சிக்கனில் ரூபாய்க்கு இரண்டே சொச்சம்.
இட்லியில் ஐந்து.
பரோட்டாவில் பதிமூணு.
கரண்ட் திரும்பி வந்த செக்‌ஷன் மாதிரி
முகம் பளிச்சென்றது.
"அஞ்சு பரோட்டா" என்றான். "சால்னா நெறைய."

சால்னாவுக்கு அட்டையில்
விலையும் இல்லை, எண்ணும் இல்லை.

பிய்த்துப் போட்டு ஊறவைப்பதைத்
துளசிமணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நாலாவது பரோட்டாவில், ஓரமாய், ஊறாத ஒரு துண்டு.
கேட்காமல் எடுத்து வாயில் போட்டாள்.
"முப்பது இருக்குமா, நாப்பதா?" என்றாள் மென்றபடி.
"பிச்சுத் தின்னா கணக்கில்ல புள்ள" என்றான் நாச்சிமுத்து.

தபனுக்கு எது புரிந்ததோ,
தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.
கொஞ்சம்தான்.
திங்கள் காலை எட்டு மணிக்குக் கண்டெய்னர்.