செவ்வாய்க்கிழமை

செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு.
அக்ராவில், கோர்லே கொன்னோ கரையில்
அன்றைக்கு யாரும் படகை இறக்குவதில்லை.
வலைகள் கம்பில் காய்கின்றன.
ஆண்கள் படகு நிழலில் பலகை விரித்து
டாமே ஆடுகிறார்கள்.
எங்களுக்கு அன்றுதான் வேலை.
ஒன்பது பேர், ஆறு ஜோடிக் கையுறை,
கொக்கி வைத்த தராசு ஒன்று,
கட்டம் போட்ட நோட்டு ஒன்று.

நோட்டு என் பொறுப்பு.
பிளாஸ்டிக், கண்ணாடி, இரும்பு, மற்றவை.
அச்சடித்தவர் இந்தக் கரையைப் பார்த்ததில்லை.
நாங்களே கடித்து உறிஞ்சிவிட்டு வீசிய
தண்ணீர்ப் பைகள் முதல் கட்டத்தில் அடங்கிவிடும்.
பீர் பாட்டில் இரண்டாவதில்.
துணிக்குத்தான் கட்டம் இல்லை.

இங்கே துணிதான் விளைகிறது.
கப்பலில் பொதி பொதியாய் வந்திறங்கி,
சந்தையில் பிரிபட்டு, விலைபோகாமல்,
சாக்கடை வழியே கடலுக்குப் போய்,
கடல் அதை முறுக்கி
வடமாய்த் திரித்துத் திருப்பித் தருகிறது.
செத்த வெள்ளைக்காரன் துணி என்று ஊரில் பெயர்.
செத்திருக்க மாட்டான்.
அலமாரியில் இடம் போதாமல் போயிருக்கும்.

மணலுக்கு மேலே ஒரு சட்டைக் கை
நீட்டிக்கொண்டிருந்தது.
கை குலுக்குவதுபோல் பிடித்து இழுத்தாள் டெடே.
சட்டையோடு ஒரு கால்சட்டை வந்தது.
அதன் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு,
துண்டைப் பிடித்துக்கொண்டு
ஏழாம் எண் பந்தாட்டக்காரன்,
பிறகு உள்பாவாடை, திரைச்சீலை,
எதுவென்று தெரியாத ஏதோ.
அவள் உட்கார்ந்து இழுத்தாள்.
நாங்கள் எட்டுப் பேரும் போய் இழுத்தோம்.
கடல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை கடலிலிருந்து
எதையும் இழுக்கக் கூடாது"
என்றான் அயிக்வே, காயை நகர்த்தாமல்.
"இதில் மீன் இருந்தால் நீயே வைத்துக்கொள்"
என்றாள் டெடே.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
இது மீன்பிடித்தலா இல்லையா என்று
படகு நிழலில் ஒரு வழக்கு நடந்தது.
பிறகு பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள்.
கரைவலை இழுத்த கைகள்
ஈரத் துணியையும் அப்படித்தான் பிடிக்கின்றன:
இடுப்பில் ஒரு சுற்று,
குதிகால் மணலுக்குள்,
ஒருவன் குரல் கொடுக்க
மற்றவர்கள் பின்னால் சாய.
பதினேழு எட்டு நீளம் வந்தது.
எண்ணியது நான்.

மீன் கத்தியால் அறுத்துத்தான்
தராசில் மாட்ட முடிந்தது.
ஒரு பையிலிருந்து நண்டு இறங்கி
யாரையும் பார்க்காமல் போயிற்று.
காயவைத்து நிறுக்கச் சொல்கிறது அலுவலகம்.
இஸ்திரி போட்டு மடித்தும் கொடுக்கவா
என்று டெடே கேட்டாள், என்னிடம்,
நான்தான் அலுவலகம் என்பதுபோல்.

அப்போதுதான் பார்த்தேன்
அந்த நீலச் சட்டையை.
பொத்தான் ஒன்றுகூட இல்லை.
முன்பக்கம் நான்கு இடத்தில்
என் கத்தரிக்கோல் கடித்த பொத்தல்.
போன மாதம் நான்தான் வெட்டி எடுத்தேன்,
மகனின் பள்ளிச் சீருடைக்கு.
வெட்டியபின் நானே அதை லாரியில் ஏற்றினேன்.
லாரி காயல் ஓரத்தில் கொட்டுகிறது என்று
எனக்குத் தெரியும்.
மழை எந்தப் பக்கம் ஓடும் என்றும்
தெரியும்தான்.

மற்றவை என்பதை அடித்துவிட்டுத்
துணி என்று எழுதினேன்.
எடையை எழுதினேன், ஈரத்தோடு.
குறிப்பு என்ற இடத்தில்
யாரும் எதுவும் எழுதுவதில்லை.
எழுதினேன்:
இந்தச் சட்டை இரண்டாம் முறை.

சாயங்காலம் லாரி வந்தது.
ஏற்றாமல் வேறென்ன செய்ய?
நீலச் சட்டையை மட்டும் கொடுக்கவில்லை.
தராசைத் துடைத்து
அதையே சுற்றி வைத்தேன்.

புதன்கிழமை விடிகாலையில் படகுகள் போயின.
பத்து மணிக்கு அயிக்வே வலையை இழுக்கையில்
பாரம் அதிகம் என்று எல்லோருக்கும் சிரிப்பு.
விலைகூடப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.
வலையின் வயிறு கரைக்கு வந்ததும்
சிரிப்பு நின்றது.
அவன் குனிந்து பார்த்தான்.
நிமிர்ந்து கரை நெடுகத் தேடி
என்னைக் கண்டுபிடித்துக் கத்தினான்:

"நோட்டை எடுத்து வா."