பதினான்காம் பிரதி

வெந்த்ஸ்பில்ஸ் துறைமுகம், பிப்ரவரி.
கடல் கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.
அம்மோனியாத் தொட்டியில் விரிசல் என்ற அறிக்கை
மின்னஞ்சலில் பத்தொன்பது பேருக்குப் போனது.
பத்தொன்பதும் ஒரே அறிக்கை,
அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள்.

சில வரிகளை
அங்குலத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு
ஏற்றினேன், சிலவற்றை இறக்கினேன்.
கண்ணுக்குத் தட்டாது, ஸ்கேனருக்குத் தட்டும்.
அது போதாதென்று சொற்களிலும் கை வைத்தேன்.
லாட்வியனில் ‘ஆனால்’ என்பதற்கு
பெத், தச்சு, தொமேர் என்று மூன்று உண்டு.
யாருக்கு எங்கே எந்த ஆனால் என்பது
என் அட்டவணைக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை நாளிதழில் வந்துவிட்டது.
இடைவெளிகள் போயிருந்தன. யாரோ உட்கார்ந்து
முழுவதையும் புதிதாகத் தட்டியிருக்கிறார்கள்,
எழுத்துருவை மாற்றி,
ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டு.
அவ்வளவு கவனம்.
ஆனால்களை மட்டும் மாற்றவில்லை.

இயக்குநர் ஸிக்மார்ஸ்
என் மேசை விளிம்பில் அமர்ந்து
மிட்டாய்த் தாளை உரித்தபடி
“எவ்வளவு நேரமாகும்?” என்றார்.
நாலு நொடியாகும்.
மதியம் தருகிறேன் என்றேன்.

பதினான்கு.
தொட்டிப் பராமரிப்பு, வெல்தா க்ரூமினா.
உணவறையில் பீட்ரூட் சூப்பில் மிதக்கும் அரை முட்டையைக்
கடைசி வாய்க்கென்று ஒதுக்கி வைப்பவள்.
தொட்டிகளுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது தெருவில் வீடு.
எனக்கு நான்காவது.
காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து.

அவள் அச்சிட்ட பிரதி
மூன்று நாள் மேசையில் திறந்தே கிடந்தது, பார்த்தேன்.
தரை துடைப்பவர் பார்த்திருக்கலாம்,
இரவுக் காவலாளி,
ஹீட்டர் சரிசெய்ய வந்த பையன்.
குறி தாளைச் சொல்லும், கையைச் சொல்லாது
என்று எழுதிவிட்டு
நெடுநேரம் அந்த வரியையே பார்த்திருந்தேன்,
இது உண்மையா, எனக்கு வேண்டியதா என்று.

பிறகு அதையும் அழித்தேன்.
ஐந்தாம் பத்தியின் தொமேர்
பத்திரிகைக்காரர்கள் திருத்தியதாக இருக்கலாம்,
ஆகவே ஒன்பதா பதினான்கா உறுதியில்லை
என்று எழுதினேன்.
உறுதியாகத்தான் இருந்தது.

பிரிண்டர் மூன்று பிரதி துப்பியது,
இயக்குநருக்கு, வழக்கறிஞருக்கு, கோப்புக்கு.
சூடு ஆறாத தாள்களை அடுக்கும்போதுதான் கண்டேன்.
நிறுத்த மறந்த என் நிரல்
மூன்றிலும்
வெவ்வேறு ஆனால் வைத்திருந்தது.