ஆல்ட்டோவுக்குப் பின்னால் நிற்பவன்

காசிமேடு சிக்னல், காலை ஆறரை.
உன் பின்கண்ணாடியில்
எல் ஸ்டிக்கரைப் பிய்த்த தழும்பு.
பக்கத்து சீட்டில் ஒரு டிபன் பை.
அந்தப் பக்கம் இன்று பிரேக் இல்லை, தெரியுமல்லவா?

நாற்பதடி பெட்டியோடு வருகிறவன் நான்.
என் இடப்பக்கம் ஒட்டி வராதே.
என் கண்ணாடி உனக்குத் தெரியவில்லையென்றால்
எனக்கு நீ இல்லவே இல்லை.

மீன்பாடி வண்டிக்கு
ஓட்டுகிறவன் நீட்டும் கால்தான் இண்டிகேட்டர்.
ஐஸ் தண்ணி ஒழுகிய தாரை
மழைத் தார் என்று நினைக்காதே,
கவிச்சி அடித்தால் காலைத் தளர்த்து.
கணேசபுரம் சப்வேயில் தண்ணி நின்றால்
முன்னே இறங்கியவன் அந்தப் பக்கம் ஏறினானா,
அதைப் பார்த்துவிட்டு இறங்கு.

இவ்வளவும் சொல்ல
என்னிடம் இருப்பது ஒரு ஹாரன்.
அதற்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் வரும்.

பச்சை விழுந்தது.
உன் வண்டி ஒரு குதி குதித்து
அணைந்தது.

பின்னால் ராயபுரமே அலறுகிறது.
திரும்பிப் பார்க்காதே.
அவர்களுக்கும் உனக்கும் நடுவே
இருபத்தெட்டு டன் நிற்கிறது,
வாயை மூடிக்கொண்டு.
துறைமுக கேட்டில் எனக்கு எப்படியும்
மூன்று மணி நேரம் வரிசை.

கிளட்சை முழுசாக மிதி.
இன்னொரு தடவை
சாவியைத் திருப்பு.