இரண்டேமுக்கால் லிட்டர்

நீளம் பன்னிரண்டு, அகலம் பத்து, உயரம் பத்து.
நாலு சுவரும் நானூற்று நாற்பது சதுர அடி.
கதவைக் கழித்தேன், ஜன்னல் இரண்டையும்.
பீரோவுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்?
அதையும் கழித்தேன்.
ஏழு லிட்டர் போதும்.

செபஸ்தியான் என் தாளைப் பார்க்கவில்லை.
முழங்கால் உயரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.
"திருத்துறைப்பூண்டிச் சுவருங்க.
கீழே குடிச்சிக்கிட்டே இருக்கும்.
பத்தா வாங்குங்க."

குடித்தது ஏழேகால்.

மிச்சத்தை ரஹமத்து தையல்கடைக்குக் கேட்டாள்,
பச்சையைப் பார்த்துவிட்டு
யோசிச்சுச் சொல்றேன் என்று போனாள்.
மூடியைச் சுத்தியால் தட்டி இறுக்கி
டின்னைக் கட்டிலடியில் தள்ளினேன்.
டேப் ஒட்டி எழுதினேன்: முன்னறை, தை.

கார்த்திகையில் முள்ளியாறு உள்ளே வந்தது.
டின் மிதந்து சமையலறைக்குப் போயிருந்தது.
பீரோ ஒருபக்கமாய்ச் சாய்ந்து நகர்ந்ததில்
பின்னால் ஆள் உயரத்துக்குப் பழைய வெள்ளை.
ஆறு பார்த்துவிட்டது.

மாசியில் மூடியை நெம்பினேன்.
மேலே தடித்த ஆடை, அடியில் நல்ல பச்சை.
கிழிந்த பாவாடையில் வடிகட்டி
வெள்ளையை மூடினேன், பிறகு சேற்றுக்கோட்டை,
செபஸ்தியான் கை வைத்த அதே உயரம்.

அதே டின், அதே நம்பர்தான்.
மற்ற சுவர் ஒரு வருஷம் வெளிறியிருந்தது.
வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்,
ஏன் இங்கே மட்டும் புதுசு?

அடிவண்டலை வாய்க்காலில் ஊற்ற மனமில்லை.
மணலைக் கொட்டிக் கிளறி வெயிலில் வைத்தேன்.
இறுகிப்போனது.
இப்போது காற்றில் கதவு அடிக்காமல்
டின் பிடித்துக்கொள்கிறது.