மீற்றர் வாசிப்பு

காலை ஏழரைக்குப் பாண்டிருப்பில் தொடங்குவேன்.
தோளில் பில் அடிக்கிற மெஷின்,
சட்டைப் பையில் சொல் எழுதிய துண்டு.
ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து வீடு,
பத்துச் சொல்.

கொப்பியில் எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை.
போனில் கேட்டுப் பார்த்தேன், நித்திரைதான் வந்தது.
மறுகாதான் ஒவ்வொரு மீற்றர்ப் பெட்டிக்குள்ளும்
ஒரு சொல்லை வைத்து மூடினேன்.
அடுத்த மாதம் போகும்போது
யூனிட்டோடு சேர்த்து அதையும் வாசிக்கலாம்.

ஞானமுத்தர் கேற் திறக்க ஐந்து நிமிடம்.
திறப்பைத் தேடுவார், செருப்பைத் தேடுவார்,
போன மாத பில்லைப் பற்றி நாயோடு கதைப்பார்.
அங்கே வைத்தது றிலக்ரன்ற்.

பக்கத்தில் தையல்கார வசந்தமலர்
மீற்றருக்குக் கீழே சுவரில் பென்சிலால்
திகதி போட்டு இலக்கம் எழுதி வருகிறாள்.
மெஷின் பிழைவிடும், அவள் விடமாட்டாள்.
மெற்றிக்கியுலஸ்.
நாக்கு மடங்குகிற சொல்.
ஊசிக்கு நூல் கோர்க்கிற அவளைப் போல
ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வருகிறது.

நாய்களுக்கு யுபிக்குவிற்றஸ்.
என் இடது கெண்டைக்காலில்
அதன் ஒப்பம் இருக்கிறது.

மருதமுனைக்குள் நுழைந்தால் தறிச் சத்தம்.
ஆதம்லெவ்வை ஹாஜியார் வீட்டில் மூன்று ஏசி,
ஒப்புலன்ற்.
பில்லைக் கண்ட மருமகன் மீற்றரைத் தட்டிப் பார்த்து
"இது ஆர்ர கறண்ட்?" என்றான்.
இன்கிறெடியுலஸ்.
ஒரே வீட்டில் இரண்டு.

கடற்கரை வீதி, மணல் ஏறிய ஒழுங்கை,
நாற்பத்தொன்பதாம் இலக்கம்.
சனவரியில் அங்கே எபெமெறல் வைத்தேன்.
யோசித்து வைத்ததில்லை,
துண்டில் அன்றைக்கு மிஞ்சியது அதுதான்.
பில்லில் பெயர் றிஸ்லியா.
வெயில் என்று ஒரு கோப்பை தண்ணீர் தந்தாள்.
இடுப்பில் இருந்த பிள்ளை
மெஷினிலிருந்து தாள் வருவதைப் பார்த்துச் சிரித்தது.

பெப்ரவரி முப்பத்தொரு யூனிட்.
மார்ச் ஒன்பது.
ஏப்ரலில் சில்லு அசையவில்லை.
நான் செருகிய சிவப்பு நோட்டீஸ்
செருகியபடியே கேற்றில்.

பக்கத்து வீட்டில் கேட்டேன்.
"போயிற்றாங்க."
கல்முனைச் சந்தைக்கும் அதுதான் சொல்,
கட்டாருக்கும் அதுதான்,
மையவாடிக்கும் அதுதான்.
மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.
என் புத்தகத்தில் 'போ'வுக்குப் பதிலாக
பதினெட்டுச் சொல் கிடக்கிறது.
ஒவ்வொன்றாக அந்தக் கேற்றில் மாட்டிப் பார்த்தேன்,
கொழுவவில்லை.

மே மாதம் கொழும்பில் பரீட்சை.
பல்லுக் கிட்டுகிற குளிர்.
"உங்களுக்குத் தெரிந்த ஒரு வீதியைப் பற்றிச் சொல்லுங்கள்,
இரண்டு நிமிடம்" என்றாள் அந்த மிஸ்.
எனக்கென்றே கேட்டது மாதிரி.
கண்ணை மூடி ஞானமுத்தர் கேற்றைத் தட்டினேன்.
ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தது.
வசந்தமலரின் சுவர், நாய், தறி, மூன்று ஏசி,
மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
ஒழுங்கைக்குள் திரும்பினேன்,
மணலில் கால் புதைந்தது,
நின்றுவிட்டேன்.
சொல் நாக்கில்தான் இருந்தது.
சொன்னால் அவர்கள் உண்மையாகவே போய்விடுவார்கள் போல.
எத்தனை செக்கன் என்று தெரியாது.
மிஸ் எதையோ எழுதினாள்.

ஏழு வேணும், ஆறரை வந்தது.

ஜூன் பதினான்கு, மறுபடி நாற்பத்தொன்பது.
பூச்சியம்.
பூச்சியத்துக்கு மெஷின் காரணம் கேட்கும்,
திரையில் நாலு இங்கிலீஸ் சொல்,
அதற்குள் ஒன்றை அமத்த வேண்டும்.
சரியான சொல் வேக்கன்ற்.
அதை அமத்தினால் வெள்ளிக்கிழமைக்குள்
ஏணியோடு வந்து வயரை வெட்டிவிடுவார்கள்.

கேற் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது.
பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை.
லொக்ட் என்பதை அமத்துகிறேன்.
இன்னும் ஒரு மாதம் கிடைக்கும்.