ரெண்டேகால் டீ

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது
வாசனைதான்.
நாலு நாள் மழையில் நனைந்து
ஒருமுறைகூட முழுசாய்க் காயாத துணிகளின்
பாசி பிடித்த வாசனை.
மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன்.
கிருஷ்ணகிரி வெயிலுக்கு என்ன அவசரமோ,
உதறிப் போட்டு முடிப்பதற்குள்
முதல் சுடிதார் மொடமொடத்துவிட்டது.
எதிரே சையத் பாஷா மலை
தோலுரித்த கிழங்கு மாதிரி வெந்துகொண்டிருந்தது.
கீழே தெருவில் தண்ணி லாரி
பாட்டுப் பாடியபடி ரிவர்ஸில் வந்தது.

செப்டம்பரில் லங்காவி பாதி விலை என்றார்கள்.
ஏன் பாதி விலை என்று நாம் கேட்கவில்லை.
கல்யாணமாகி ஆறு வருஷம்,
பைக் லோன் முடிந்த மாசம்,
மாம்பழம் ஓய்ந்து
கூழ் ஃபேக்டரியில் எனக்கு லீவு கிடைக்கிற ஒரே மாசம்.
நீ ஓசூரில் சூப்பர்வைசரிடம்
மாமனாருக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாய்.
அப்பா நல்லாத்தான் இருக்கார், மாதேஷ்.
நேற்றுக்கூட போன் பண்ணி
கப்பல்ல போனீங்களா என்று கேட்டார்.

ஏஜென்ட் தந்த தாளில்
மீன்களுக்கு நடுவே நீச்சல்,
அஸ்தமனம் பார்க்கப் படகு.
எல்லாவற்றையும் மழை அடித்துவிட்டது.
பக்கத்து ரூம் வெள்ளைக்காரர்கள்
கீழே போய்ச் சண்டை போட்டார்கள்.
நாம் பால்கனியில் நாற்காலி இழுத்துப் போட்டு
பார்த்துக்கொண்டே இருந்தோம்,
யாரோ ஓசியில் படம் காட்டுகிற மாதிரி.
உன் தம்பி போனில் கேட்டான்,
"அண்ணா, கடல் எப்படி?"
"தெரியலடா. ஒரே மழை."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம்,
"அங்கயாவது பெய்யுதே."

உண்மையைச் சொன்னால்
எனக்குப் பயம் வேறு.
ஆறு வருஷமாய் நீ நைட் ஷிப்ட்.
நீ கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது
நான் டவுன் பஸ் ஏறுவேன்.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் சாவி கைமாறும்.
ஒரே மெத்தை.
உன் பள்ளத்தில் நான் படுப்பேன்,
என் பள்ளத்தில் நீ.
ஞாயிறென்றால் சொந்தக்காரர்கள், மளிகை, தூக்கம்.
இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு
முழுசாய் ஒரு பகல் கிடைத்தால்
உன்னிடம் என்ன பேசுவது?

பெரிதாய் ஒன்றும் பேசவில்லை.
நீ துண்டை நாலாய் மடித்து வைப்பாய் என்று தெரிந்தது.
மாம்பழ ஜூஸ் வந்தது.
ஒரு வாய் குடித்துவிட்டு
"பிரிக்ஸ் பன்னெண்டுகூட இருக்காது" என்றேன்.
சிரித்தாய்.
சிரிக்கும்போது இடது காதைத் தொடுவாய் போல.

இரண்டாம் ராத்திரி விழித்தபோது பக்கத்தில் நீ இல்லை.
பால்கனியில், இருட்டில், மழைக்கு எதிரே
மெஷின் முன்னால் உட்காருகிற மாதிரி
முதுகு நேராய் உட்கார்ந்திருந்தாய்.
"தூக்கம் வரல. பழக்கம்."
அங்கே மணி நாலே முக்கால்.
நீ மாற்றாமலே விட்ட கைக்கடிகாரத்தில் ரெண்டேகால்.
"இந்நேரம் என்ன செய்வ?"
"டீ பிரேக். பத்து நிமிஷம்."
"யார்கூட?"
"யார்கூடவும் இல்ல.
கேட்டுக்கிட்ட ஒரு வேப்பமரம் இருக்கு."

மேஜைமேல் கெட்டில் இருந்தது.
பாக்கெட்டில் பால் பவுடர், பாக்கெட்டில் சர்க்கரை.
கண்றாவி டீ.
இன்னொரு கப்பும் போட்டேன்.
மழை கொஞ்சம் விட்டபோது
கடல் கேட்டது. இருட்டில் தெரியவில்லை,
கேட்டது மட்டும்தான்.
எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத உன் கையை
அன்றைக்குத்தான் பிடித்தேன்.
வேறு யார் கையோ என்று ஒரு கணம்.

வந்து மூன்று நாளாகிறது.
எல்லாம் காய்ந்து மடித்தாயிற்று,
உன் நீலச் சட்டை தவிர.
அதைக் கவரில் ஈரத்தோடு சுற்றி
பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
பூஞ்சை பிடிக்கும். தெரியும்.
காலையில் நீ கேட்டாய்.
"துவைக்கணும், தண்ணி லாரி நாளைக்குத்தான்" என்றேன்.

இப்போது ரெண்டேகால்.
சமையலறை லைட்டைப் போட்டதும் பல்லி ஓடுகிறது.
பால் பொங்குவதற்குள்
ஒரு வரி அடித்து அனுப்புகிறேன்,
"மரத்தடிக்கு வந்துட்டியா?"
கம்பெனிக்குள்ளே போன் கூடாது,
கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று
நீ என்றைக்கோ சொன்னது
அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வருகிறது.
டம்ளரில் ஊற்றி ஆற்றுகிறேன்.